வெள்ளவத்தைக் குடும்பமொன்று எஸ்யூவி தெரிவுசெய்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் குடும்பம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள அடுக்குமாடியில் வசிக்கிறது. கணவர், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான்கு வயது நிரம்பிய மகளும் எழுபது வயதைத் தாண்டிய மனைவியின் தாயாரும் அவர்களுடன் இருக்கிறார்கள். தாயாரின் இரு முழங்கால்களிலும் தேய்வு. வலது காலில் மாற்று மூட்டுப் பொருத்தப்பட்டிருந்தது. எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாக மருத்துவரும் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது சிறிய கார் ஒன்று. அலுவலகம், பாலர் பாடசாலை, கடை ஆகியவற்றுக்கு அது போதுமானதாக இருந்தாலும், கோயில் திருவிழாவுக்கும் உறவினர் வீட்டு நிகழ்வுகளுக்குமாக யாழ்ப்பாணம் போய்வரும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்ப் பயணத்தில், புத்தளம் தாண்டுவதற்குள் தாயாரின் கால்கள் விறைத்துவிடும் என்பதும், பிள்ளை அம்மம்மாவின் மடியிலேயே தூங்கிக்கொண்டு போகும் என்பதும் வழக்கமாகியிருந்தன.

நான் காப்புறுதிக் கோரிக்கைகளுக்காக வாகனச் சேத மதிப்பீடு செய்பவன். மோதிய வாகனங்களைப் பார்ப்பதே என் தொழில். ஆகையால் இந்தக் குடும்பம் ஆலோசனை கேட்டு வந்தபோது, எந்த எஸ்யூவி வாங்கலாம் என்ற அவர்களுடைய கேள்வியைவிட மடியில் தூங்கும் பிள்ளையே என் மனதில் முதலில் நின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், 16 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து வைக்க 300 கிலோவுக்கு நிகரான விசை வேண்டும். எந்த அம்மம்மாவின் கைக்கும் அந்த வலு கிடையாது.

அப்போதைய சந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, புதிதாக இறக்கப்படும் நடுத்தர எஸ்யூவியின் விலை இவர்களுடைய கைக்கு எட்டவில்லை. எனவே, இறக்குமதி நிறுத்தத்துக்கு முன்னர் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக, அதாவது அங்கே பாவித்த வாகனமாக வந்து, இங்கே பல ஆண்டுகள் ஓடிய வாகனங்களுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. பத்து வயதை நெருங்கிய வாகனத்தில் மாதிரியின் பெயரைவிட, அந்த ஒரு வாகனம் கடந்துவந்த வரலாறு முக்கியமாகிவிடுகிறது.

முதல் விருப்பமும் அது கைவிடப்பட்டதும்

கணவரின் விருப்பம் இருபது வருடப் பழைமையான பெரிய டீசல் ஜீப்பொன்றாக இருந்தது. பாரமான வாகனம் என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருடைய எண்ணம். கொழும்பில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பாரமான வாகனமும் இலேசான வாகனமும் நேருக்கு நேர் மோதினால், அதிர்ச்சியின் பெரும்பங்கை இலேசானதே வாங்கிக்கொள்ளும். ஆனால் இரவில் நீண்ட தூரம் ஓடும் குடும்பத்துக்கு ஏற்படக்கூடிய விபத்துகள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மழையில் வழுக்கி வீதியை விட்டு இறங்குவதும், மரத்தில் மோதுவதும், உயரமான வாகனம் புரள்வதும் அவற்றுள் அடங்கும். அங்கே பாரம் பெரிதாக உதவாது; உயர்ந்த ஈர்ப்பு மையம் பாதகமாகவும் அமையும்.

அத்தகைய விபத்துகளில் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்கு உண்டு. வாகனம் திசை தவறத் தொடங்கும் கணத்திலேயே தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் கொடுத்து அதை நேராக்கும் இந்தத் தொழில்நுட்பத்தை டொயோட்டா விஎஸ்சி என்றும், ஹொண்டா விஎஸ்ஏ என்றும், நிசான் விடிசி என்றும் அழைக்கின்றன. ஒற்றை வாகன மரண விபத்துகளின் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கணவர் பார்த்து வைத்திருந்த ஜீப்பில் அது இல்லை.

இருந்தும், அந்த ஜீப் கைவிடப்பட்டதற்கு உடனடிக் காரணம் தாயார்தான். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். படியில் கால் வைத்து, கைபிடியைப் பற்றி ஒருவாறு ஏறிவிட்டார். இறங்கும்போது நடுங்கினார். “ஏறுறது பரவாயில்லைத் தம்பி, இறங்கேக்கதான் கால் வைக்கிற இடம் தெரியுதில்லை” என்றார். முழங்கால் நோயுள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. அதன்பின் கணவர் அந்த ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று மாதிரிகள்

அடுத்த கட்டத்தில் ஹொண்டா வெசல், டொயோட்டா சிஎச்ஆர், நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஆகிய மூன்று மாதிரிகளுக்குள் தெரிவு சுருங்கியது. மூன்றிலும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உண்டு. மூன்றுக்கும் உதிரிப்பாகங்களும் கைபழகிய பாஸ்மாரும் (திருத்துநர்களும்) கொழும்பில் கிடைப்பார்கள்.

சிஎச்ஆர் ஓட்டுவதற்கு இனிமையானது. வீதியை இறுகப் பிடித்து ஓடும். ஆனால் அதன் பின்கதவுக் கண்ணாடிகள் சிறியவை. பின்னாசனத்தில் இருந்த பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அது சிறிய விடயமல்ல. பெற்றோலோடு பற்றரியாலும் ஓடும் ஜப்பானியச் சந்தைக்கான ஹைபிரிட் சிஎச்ஆரின் தரையிடைவெளி, அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரம், 140 மில்லிமீற்றர் மட்டுமே. முழுச் சுமையோடு கிராமத்து வீதியில் போகும்போது இடிபடும் என்ற அச்சமும் இருந்தது.

வெசலில் எரிபொருள் தாங்கி முன்னாசனங்களுக்குக் கீழே இருப்பதால் பின்புறத்தில் இடம் தாராளமாக இருக்கிறது. ஆசன உயரமும் தாயாருக்குப் பொருந்தியது: பக்கவாட்டாக அமர்ந்து, பின் இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ள அவரால் முடிந்தது. அகலம் 1,770 மில்லிமீற்றர் என்பதால் அடுக்குமாடியின் தரிப்பிடத்திலும் பிரச்சினை இல்லை. இந்தக் கட்டத்தில் மனைவி வெசலை வாங்கவே முடிவுசெய்திருந்தார்.

எக்ஸ்-ட்ரெயிலின் அகலம் 1,820 மில்லிமீற்றர். இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தரிப்பிடமோ இரு தூண்களுக்கு இடையில் இரண்டரை மீற்றருக்கும் குறைவானது. உள்ளே நிறுத்திவிட்டால் தாயார் ஏறுமளவுக்குக் கதவைத் திறக்க முடியாது. ஆனால் அதன் பின்கதவுகள் மிக அகலமாகத் திறக்கின்றன, இரண்டாம் வரிசை ஆசனங்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன, ஜப்பானிய வகையின் ஆசன உறைகள் நீர் புகாதவை. பிள்ளை வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம் என்பதை மனைவி கவனித்துச் சொன்னார். இத்தகைய காரணங்கள் விற்பனை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. குடும்பப் பயணம் சுகமாக அமைவது பெரும்பாலும் இவற்றால்தான்.

நட்சத்திரங்களுக்குப் பின்னால்

புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் மோதல் சோதனையில் எக்ஸ்-ட்ரெயில் 2014இலும், வெசலின் ஐரோப்பிய வடிவமான எச்ஆர்வி 2015இலும், சிஎச்ஆர் 2017இலும் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றவை. அப்படியென்றால் மூன்றும் சமம்தானே என்று கணவர் கேட்டார். இங்கேதான் அவரை நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. அந்த நட்சத்திரங்கள் ஐரோப்பாவில் விற்கப்பட்ட வகைகளுக்கு உரியவை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தையிலோ பக்கக் காற்றுப்பைகளும், கண்ணாடியோரம் மேலிருந்து விரியும் திரைக் காற்றுப்பைகளும் பல மாதிரிகளின் கீழ்த்தரங்களில் மேலதிகப் பணம் கொடுத்தால் மட்டுமே பொருத்தப்பட்டன. நமக்கு வந்து சேர்ந்தவற்றில் கணிசமானவை அந்தத் தரங்களைச் சேர்ந்தவை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வாகனங்களில் ஒன்றில் ஆறு காற்றுப்பைகளும் மற்றதில் இரண்டும் இருக்கலாம்.

இதைக் கண்டறிய கருவி எதுவும் தேவையில்லை. முன் கண்ணாடியின் ஓரத் தூணிலும் நடுத்தூணின் மேற்பகுதியிலும் AIRBAG என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறதா, முன்னாசனத்தின் வெளிப்பக்க ஓரத்தில் அதற்குரிய சிறு அடையாளத்துணி தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தக் குடும்பம் பார்த்த வாகனங்களில், நல்ல நிலையில் இருந்த ஒன்றில் இந்த அடையாளங்கள் எங்கும் இல்லை. விற்பவர் எதையும் மறைக்கவில்லை. அவரே அதை அறிந்திருக்கவில்லை.

இன்னொரு வாகனத்தில் கண்டது இதைவிடப் பாரதூரமானது. சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாகனத்தில் விளக்கு எரியவே இல்லை. தொடர்ந்து எரியும் விளக்கை மறைப்பதற்காக அதன் இணைப்பைத் துண்டித்து வைத்தால் இப்படித்தான் தெரியும். முன்பு மோதி, காற்றுப்பை வெடித்து, புதியது போடாமல் மேல்மூடியை மட்டும் மாற்றியிருக்கலாம் என்ற ஐயத்துக்கு அது போதுமான காரணம். வர்ணம் புதிதாக மின்னியது. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. கணவருக்கு அந்த விலையில் மனம் சென்றது உண்மை. கருவி பொருத்திப் பரிசோதிக்க விற்பவர் இணங்காதபோது, மேலே பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளையும் தனியாகச் சரிபார்த்தோம். பையை விரிப்பதற்கு அந்த நிறுவனம் பயன்படுத்திய அம்மோனியம் நைத்திரேற்று, நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து, காற்றுப்பை விரியும்போது உலோக உறையையே உடைத்துத் துண்டுகளாக வீசக்கூடியது. உலகெங்கும் கோடிக்கணக்கில் அவை திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017 ஜூனில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் சேர்ந்திருக்கும் கொழும்பில் இந்தச் சிதைவுக்கு எல்லாச் சூழலும் உண்டு. ஜப்பானிய உள்நாட்டு வாகனங்களின் அடிச்சட்ட இலக்கம் மற்ற நாடுகளின் 17 எழுத்து இலக்கத்திலிருந்து வேறுபட்டது என்பதால், அமெரிக்கத் தேடற்பக்கங்களில் இட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அந்தந்த உற்பத்தியாளரின் ஜப்பானியத் தளத்திலேயே தேட வேண்டும். பார்த்தவற்றில் ஒன்று திரும்ப அழைக்கும் பட்டியலில் இருந்தது. மாற்றியதற்கான சான்று கிடைக்காததால் அதையும் விட்டுவிட்டோம்.

களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலப் பகுதிகளை மூழ்கடித்த 2016 மே வெள்ளத்தின் பின்னர், ஒரு வாகனம் வெள்ளநீரில் நின்றதா என்று பார்ப்பது என் வழக்கம். ஆசனப்பட்டியை அதன் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சாதாரணமாக வெளியே வராத அந்தப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஆசனத் தண்டவாளத் திருகாணிகளின் துருவும் அதையே சொல்லும். இந்தத் தேடலில் அப்படி எதுவும் அகப்படவில்லை.

முடிவும் அதன் காரணங்களும்

கடைசியில் தெரிவானது ஒரு பெற்றோல் எக்ஸ்-ட்ரெயில். திரைக் காற்றுப்பைகளும் தன்னியக்க அவசரப் பிரேக்கும் அதில் இருந்தன. ஜப்பானில் ஏலத்தில் விற்கப்பட்டபோது தரப்பட்ட அறிக்கையின் தூர அளவும் இங்கே செய்த பராமரிப்புப் பதிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கவில்லை. வெசலை விரும்பிய மனைவி மனம் மாறியதற்குக் காரணம், விலைக்குள் அகப்பட்ட வெசல்களில் திரைக் காற்றுப்பை உள்ளது கிடைக்காமை. அத்தகைய வெசல் கிடைத்திருந்தால், நகர ஓட்டத்துக்கு அதுவே பொருத்தமாக இருந்திருக்கும் என்று இன்றும் கருதுகிறேன். ஹைபிரிட் வகையைத் தவிர்த்தது, பத்து வருடப் பற்றரியை மாற்ற நேரிட்டால் அந்தச் செலவைத் தாங்கப் பணம் மிஞ்சாது என்பதால். பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முற்றுரிமையாளராக, அதாவது கடன் தீரும்வரை வாகனத்துக்கு உரிமையுள்ளவராக இருந்தமையால், அது நீங்கும்வரை முழுப் பணமும் கொடுக்கப்படவில்லை.

யார் எங்கே அமர்வது என்பதில்தான் நீண்ட நேரம் யோசித்தோம். வயதானவர்களைப் பின்னால் அமர்த்துவதே பாதுகாப்பு என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் முன்னாசனப் பட்டிகளில், மோதும் கணத்தில் பட்டியை இறுக்கும் பொறிமுறையும், அதன்பின் மார்பின் மேலான விசை ஓர் அளவைத் தாண்டாதபடி பட்டியைச் சற்று நெகிழவிடும் பொறிமுறையும் இருக்கின்றன. அக்காலத்து வாகனங்கள் பலவற்றின் பின்னாசனங்களில் இவை இல்லை. எலும்பு தேய்ந்த ஒருவருக்கு, பட்டியாலேயே விலா எலும்பு முறியக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு பெரிது. எனவே தாயாரை முன்னாசனத்தில், காற்றுப்பையிலிருந்து இயன்ற அளவு பின்னுக்குத் தள்ளி அமர்த்த முடிவாயிற்று. பிள்ளையின் ஆசனம், வாகனப் போக்குவரத்து இல்லாத நடைபாதைப் பக்கமாக, பின்னால் இடப்புறம். முன்னாசனம் பின்னே தள்ளப்பட்டதால் குறைந்த இடத்தை, இரண்டாம் வரிசையை நகர்த்தி ஈடுசெய்ய முடிந்தது. மனைவி மகளருகே.

பழைய காரில் தாயார் பட்டியைக் கைக்கு அடியால் விட்டுக்கொண்டுதான் அமர்வாராம், கழுத்தில் உரசுகிறது என்பதற்காக. அப்படி அணிந்த பட்டி மோதலில் விலா எலும்புகளின் மேல் இறுகும், தோள் தாங்காது. நடுத்தூணில் பட்டியின் மேல்முனையை இறக்கிவிடும் வசதி இருப்பதை அவருக்குக் காட்டினோம். உரசல் நின்றது. இடுப்பு வலிக்காக அவர் கொண்டுவரும் தடித்த பஞ்சுத் தலையணையும் அகற்றப்பட்டது. மெத்தென்ற தலையணையில் அமர்பவரின் இடுப்பு மோதலில் பட்டிக்குக் கீழே வழுகிப்போய், பட்டி வயிற்றில் ஏறிவிடும். ஆசனத்தின் சாய்வைச் சரிசெய்ததும் அது தேவைப்படவில்லை. சுகத்துக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவு இதுவே என்பது என் உறுதியான கருத்து: உடலுக்கு ஒவ்வாத ஆசனத்தில் இருப்பவர், தம்மைக் காக்கும் பொருளைத் தாமே விலக்கிவிடுவார்.

வாங்கிய பின்னர்

டயர்களில் தடம் போதுமான ஆழத்தில் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பவை. அவற்றின்படி மூன்று டயர்கள் ஆறு ஆண்டுகளைக் கடந்திருந்தன. நான்கும் மாற்றப்பட்டன. வாகன ஆசனத்திலேயே அமைந்த ஐசோஃபிக்ஸ் கொளுவிகளில் பொருத்தும் சிறுவர் ஆசனம் வாங்கி, அதன் மேற்பட்டியையும் ஆசன முதுகின் பின்னுள்ள வளையத்தில் பூட்டினோம். அந்த மேற்பட்டியைப் பலர் பூட்டாமலே விட்டுவிடுகிறார்கள். முன்னோக்கிய ஆசனத்தில் பிள்ளையின் தலை எவ்வளவு தூரம் முன்னே எறியப்படும் என்பதைக் குறைப்பது அதுதான்.

மகள் முதல் வாரம் முழுவதும் அழுதாள். ஆசனத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதில் இருந்தே கதை கேட்கப் பழக்கியது மனைவியின் யோசனை. நல்ல பலன் தந்தது.

நகரத்தில் எரிபொருள் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். காலி வீதி நெரிசலில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவே ஓடுகிறது. தாயார் தரிப்பிடத்தில் அல்லாமல் வாயிலில்தான் ஏறி இறங்குகிறார். யாழ்ப்பாணப் பயணத்தில் அவர் வவுனியா வரை இறங்காமலே இருந்தார் என்று மனைவி சொன்னபோது அவருடைய குரலில் இருந்த நிம்மதியை மறக்க முடியாது.

திரும்பி வரும் வழியில், அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, மழை பெய்த மாலையொன்றில் மாடுகள் வீதிக்குக் குறுக்கே வந்தன. கணவர் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தார். வாகனம் திசை மாறாமல் நின்றது. பட்டிகள் இறுகின, ஒருவருக்கும் காயமில்லை. பின்னால் வைத்திருந்த மாம்பழப் பெட்டியும் பனங்கிழங்கு மூட்டையும் மட்டும் ஆசன முதுகில் வந்து மோதின. அன்றிலிருந்து சுமைகள் தரையில் உள்ள கொக்கிகளில் கட்டப்படுகின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இவர்கள் யாழ்ப்பாணம் புறப்பட இருந்தார்கள். இப்போது உயரமான வாகனம் இருக்கிறதே என்று உறவினர் சிலர் ஊக்கப்படுத்தினார்கள். ஓடும் நீர் 60 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் எஸ்யூவி உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். 30 சென்ரிமீற்றரே பல கார்களை மிதக்கவிடப் போதும். தரையிடைவெளி என்பது குழிகளுக்கும் கரடான வீதிகளுக்கும் உரியது. பயணம் பிற்போடப்பட்டது.

மாற்ற வேண்டியவை

இதேபோன்ற குடும்பத்துக்கு மீண்டும் ஆலோசனை சொல்ல நேர்ந்தால் ஒழுங்குமுறையை மாற்றுவேன். இங்கே விலைப்பட்டியலில் தொடங்கி, வாகனம் பார்த்து, இடையில்தான் தாயாரை ஏற்றிப் பார்த்தோம். ஏறி இறங்க மிகவும் கஷ்டப்படுபவரை முதலில் அமர்த்திப் பார்த்திருந்தால் பெரிய ஜீப்புக்காகச் செலவான நேரம் மிஞ்சியிருக்கும். தரிப்பிடத்தையும் முன்கூட்டியே அளந்து, கதவு திறக்கும் அகலத்தோடு ஒப்பிட்டிருக்கலாம்.

பணத்தை ஒதுக்கும் முறையும் மாற வேண்டும். வாகனத்தின் விலைக்கே முழுத் தொகையையும் வைத்திருந்ததால் டயர்களுக்கும் சிறுவர் ஆசனத்துக்கும் கடன் எடுக்க நேர்ந்தது. அவை இரண்டையும், பிரேக், திரவங்கள் ஆகியவற்றின் முதற் பராமரிப்பையும் வாங்கும் விலையின் பகுதியாகவே எண்ணித் தேடலைத் தொடங்குவது நல்லது. மரண ஆபத்தைக் குறைப்பதில், பின்னர் சேர்க்கப்பட்ட பெரிய திரையையும் அலங்காரச் சக்கரங்களையும்விட இவற்றுக்குத்தான் பங்கு அதிகம்.

திரைக் காற்றுப்பை உண்டா என்ற கேள்வியை, நேரில் போவதற்கு முன்னரே, தூணின் படமொன்றை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது கணவர் தம் நண்பர்களுக்கு அதைத்தான் சொல்லிவருகிறார். பிள்ளையைக் கட்டும் பட்டி தன்னிலேயே உள்ள இந்தச் சிறுவர் ஆசனத்தின் உயர எல்லையை மகள் இன்னும் எட்டவில்லை; எட்டியதும், வாகனப் பட்டி பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தும் முதுகுப்பகுதியுள்ள உயர்த்தி ஆசனம் வாங்குவதற்கான தொகையை மனைவி மாதந்தோறும் ஒதுக்கி வருகிறார்.